ராபர்ட் வைட்டுக்கு மலையில் ஒரு மார்பளவுச் சிலை

கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரான ராபர்ட் வைட் 1836-இல் பழனி மலையில் ஏறிச் செடிகள் சேகரித்தார். இந்த மலைகளின் தாவரங்களை அறிந்துகொள்ள இன்றும் அவர் நூல்களைப் புரட்டுகிறோம். கொடைக்கானல் பக்கம் ஓர் அருங்காட்சியகத்தில் அவருக்கு மார்பளவுச் சிலை வைப்பதென்றால், செலவுக் கணக்குக்கு முன்னால் ஈரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டவே வேண்டாம். மேகம் ஜன்னல் வழியே உள்ளே வரும் ஊரில் அது ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். உள்ளே வைத்த இரும்புக் கம்பி துருவேறிப் பருத்துக் கழுத்தைப் பிளக்கும். மேலே எனாமல் பெயிண்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றிப் பெயிண்ட்தான் உரியும்.

வெண்கலமே சரி. சுவாமிமலைப் பட்டறைகளில் கோயில் திருமேனிகளை உள்ளே வெற்றிடமின்றிக் கனமாக வார்ப்பதே வழக்கம் என்பதால், இதற்கு உள்ளீடற்ற வார்ப்பு வேண்டுமென்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆளளவுச் சிலைக்கு 5 மி.மீ. தடிமன் போதும். உள்ளே ஒரு மண் கருவை வைத்து, அதன்மேல் மெழுகில் உருவம் செய்து, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில்தான் உலோகம் ஊற்றுவார்கள். மூக்கடியில், காதுமடல் அடியில் மெழுகு தடித்துவிட்டால் அந்த இடம் கடைசியில் ஆறும். அப்போது குழி விழும், கீறலும் விடும். ஆறும்போது உலோகம் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்குவதால் களிமண் மாதிரியை அந்த அளவு பெரிதாகவே பிடிக்க வேண்டும்.

சிலையைக் கவிழ்த்து உட்புறம் பார்க்காமல் வாங்காதீர்கள். அந்த உள்மண் ஒட்டியிருந்தால் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும். உள்மண்ணைத் தாங்கிய இரும்பு ஆணிகளைப் பிடுங்கித் துளைகளை வெண்கலத்தாலேயே அடைத்திருக்க வேண்டும். விட்டுவிட்டால் துருக்கறை கன்னத்தில் கசிந்து வரும். பீடத்தில் இறுக்கும் போல்ட்டும் இரும்பாக இருக்கக் கூடாது; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாம்.

வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் அது குளோரைடு அரிப்பு, அதாவது உப்பிலுள்ள குளோரைடு வெண்கலத்தை அரிப்பது. பார்வையாளர்களின் கைவியர்வை உப்பும் அதைத் தூண்டும், அதனால் சிலை கைக்கு எட்டாமல் இருக்கட்டும். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் படக்கூடாது. அவை மேற்பூச்சு நிறத்தையே அரித்துவிடும். மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் நுண்படிக மெழுகு) மெல்லியதாகத் தடவிப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும். அதைப் பிப்ரவரி, மார்ச் மாத வெயில் நேரத்தில் செய்யுங்கள். பனி படிந்த காலையில் தடவினால் நீர் உள்ளே சிக்கி மெழுகு வெளுத்துப்போகும்.

பீடத்தில் பூ செதுக்க வேண்டுமென்றால் எல்லோரும் குறிஞ்சி என்பார்கள். வைட்டே விவரித்துப் பெயரிட்ட நீலகிரி லில்லிதான் அங்கே பொருத்தம். சிற்பிகள் பழக்கத்தில் ஐந்து இதழ் போட்டுவிடுவார்கள். லில்லிக்கு இதழ் ஆறு, மகரந்தத் தாள் ஆறு, சூலகமுடி மூன்று மடல். வரைபடத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தே வேலை நடக்கட்டும்.

பெயர்ப்பலகையில் வைட் (1796-1872) என்பதோடு நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய 'ஐகோனெஸ்' என்ற தாவரப் பட நூலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றுக்காகச் செடிகளைப் பார்த்து வரைந்தவர்களில் முதன்மையானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற நம் ஓவியர்கள். கோவிந்துவின் பெயரை வைட்டே ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குச் சூட்டினார். பின்னாளில் அது ட்ரொபிடியா என்ற இன்னோர் ஆர்க்கிட் பேரினத்துக்குள் சேர்க்கப்பட்டது. மூன்று பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரட்டும். எழுத்து 15 மி.மீ. உயரத்துக்குக் குறைந்தால் வார்ப்பில் ண, ஞ சுழிகள் அடைத்துக்கொள்ளும்.