மஞ்சள் பலகை வண்டியும் மாமியாரும்

தோட்ட வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே பிக்கப் போதுமா என்று கேட்கிறார்கள். போதும், ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள்.

டாடா ஏஸ் வேலூர் நேதாஜி மார்க்கெட் நெரிசலில் நன்றாக நுழைந்து வரும். ஆனால் அது முக்கால் டன் பாரம் ஏற்றுகிற சமாசாரம். இலவம்பாடிக் கத்தரிக்காயோடு உர மூட்டையும் ஏற்றுகிறவன் நான்; அதனால் பொலேரோ பிக்கப். பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில். பாரம் இருந்தால் ராஜநடை. காலியாக வந்தால் அணைக்கட்டு சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்புக்குத் தெரியும். மழைக்காலத்தில் பின்சக்கரம் வழுக்கும் என்பதால் மணல் மூட்டைகளைப் போட்டே ஓட்டுகிறேன்.

மஞ்சள் நம்பர் பலகை போட்ட வணிக வண்டி என்றால் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, வாங்க வேண்டும். முதல் 8 ஆண்டுகள் 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். விலை கேட்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை!

காட்பாடி ஸ்டேஷனிலிருந்து மாமியாரை அழைத்துவர இதே வண்டிதான். அவர் குறை சொல்வதில்லை. சித்தப்பாதான் பிரச்சினை. சரக்கு ஏற்றும் பின்பகுதியில் ஆள் ஏற்றுவது குற்றம் என்று நான் சொன்னால், “நாங்கள் லாரியிலேயே கல்யாணத்துக்குப் போனவர்கள்” என்கிறார்.

ஐந்து பேர் போக வேண்டுமா? இசுசு வி-கிராஸ் போன்ற, இரண்டு வரிசை இருக்கை உள்ள இரட்டை கேபின் வண்டி பாருங்கள். அந்த விலைக்கு என் வண்டி இரண்டு வாங்கலாம், அவ்வளவுதான்.