முதல் பீரியடும் வகுப்பு வாசலும்

முதல் பீரியடில் வகுப்பு கெடுவது பெரும்பாலும் வாசலில்தான். வேலூர் கல்லூரிகளுக்கு ஒடுகத்தூர், அணைக்கட்டு, குடியாத்தம், ஆரணி என்று நாலா பக்கமிருந்தும் மாணவர்கள் பஸ்ஸில் வருகிறார்கள். ஒரு பஸ் தவறினால் முதல் பீரியடில் பாதி போச்சு. பத்துப் பேர் தனித்தனியாக வந்து நின்று "மே ஐ கமின் சார்" என்றால் பத்து முறை பாடம் அறுபடும். "ஏன் லேட்டு?" என்று ஒவ்வொருவரையும் விசாரித்தால், நேரத்துக்கு வந்தவர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள்.

அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: அனுமதி கேட்க வேண்டாம், சத்தமில்லாமல் வந்து உட்காருங்கள். வாசலை ஒட்டிய பெஞ்சை லேட்டாக வருபவர்களுக்கென்று காலியாக விடுங்கள். வருகைப் பதிவைப் பத்தாவது நிமிடத்தில் எடுங்கள். அதற்கு மேல் வந்தால் உட்காரலாம், வருகை கிடையாது. எவரையும் வெளியே நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கோட்டைப் பக்கம் கிளம்பிவிடுவார்கள், அடுத்த பீரியடுக்கும் ஆள் இருக்காது. துறைத் தலைவரிடம் முன்கூட்டியே பேசி, எல்லா ஆசிரியர்களும் இதையே கடைப்பிடித்தால் இரண்டே வாரத்தில் பழகிவிடும். ஆளுக்கொரு விதி என்றால் எதுவும் நிற்காது.

75 சதவீத வருகை வேண்டும் என்று சொன்னால் மாணவர்களுக்கு உறைப்பதில்லை. நாளாகச் சொல்லுங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 68 நாள் வந்தாக வேண்டும், கையிருப்பு 22 நாள். மாதக் கடைசியில் அவரவர் கணக்கை அவரவருக்குக் காட்டுங்கள். இல்லாவிட்டால் கடைசி வாரத்தில் கண்டோனேஷன் (வருகைக் குறைவுக்கு விலக்கு) கேட்டு ஆபீஸ் வாசலில் நிற்பார்கள்.

போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். கண்ணாடி விரிசல் விட்டால் பழி உங்கள் மேல். பையில் போடச் சொன்னால் போதும்.

பின் பெஞ்சில் பேச்சு கேட்டால் பாடத்தை நிறுத்தாமல் நடந்துபோய் அங்கேயே நின்று நடத்துங்கள். பாதிப் பேச்சு அதிலேயே அடங்கும். அடங்காதவரிடம் வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் தனியாகப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் "எந்த ஊர், அப்பா என்ன வேலை" என்று ஆரம்பித்தால் அந்த ஆண்டு முழுக்க அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். "இன்டர்னல் மார்க்குல கை வைப்பேன்" என்ற மிரட்டல் அதைவிட மோசம். மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று முதல் வாரமே எழுதி ஒட்டிவிட்டு, அதன்படியே போடுங்கள்.

மதிய ஷிஃப்டில், அதுவும் மார்ச் ஏப்ரல் வெயிலில், மூன்று மணிக்கு ஒழுக்கப் பிரச்சினை மாதிரி தெரிவதில் பாதி வெறும் களைப்பு. இருபது நிமிடம் நடத்திவிட்டு ஐந்து நிமிடம் ஒரு கேள்விக்கு எழுதச் சொல்லுங்கள். கை வேலை செய்தால் தூக்கம் கலையும்.

வீட்டுக்குப் போன் போடுவது கடைசி வழி. மாணவிகள் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். படிப்பை நிறுத்தக் காரணம் தேடும் வீடுகள் இங்கே இன்னும் உண்டு. முதலில் வகுப்புப் பொறுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். அவர் பேசிப் பார்த்து, அந்தப் பெண்ணுக்கும் தெரிந்த பிறகே வீட்டுக்கு விஷயம் போகட்டும்.