பெங்களூரு ஃபிளாட்டை விற்றுக் குமரிக் கடலோரத்தில் வீடு வாங்கிய கதை

பெங்களூருவில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை விற்ற பணத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடலோரப் பகுதியில் தோட்டத்தோடு ஒரு வீடு வாங்க முடியுமா? முடியும். கையில் மிச்சமும் நிற்கும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் அலை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் முதலில் அந்த இடத்தின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நான் கும்பகோணத்துக்காரன், மனைவி திண்டுக்கல். குமரி மாவட்டத்தில் எங்களுக்கு உறவென்று ஒருவர்கூடக் கிடையாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிற மாவட்டம், இரவில் பெங்களூருவில் ரயில் ஏறினால் மறுநாள் நாகர்கோவில், ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வயதான காலத்துக்கு இந்த மூன்றும் போதும் என்று முடிவு செய்தோம். ஆதாரில் கர்நாடக முகவரி இருப்பது பற்றி நண்பர்கள் பயமுறுத்தினார்கள். வெளிமாநிலத்தில் வசிப்பவர் தமிழ்நாட்டில் வீடோ நிலமோ வாங்க எந்தத் தடையும் இல்லை, விவசாய நிலம் உட்பட. வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்குத்தான் விவசாய நிலத்தில் தடை.

முட்டத்துக்கும் சங்குத்துறைக்கும் இடையே ஒரு புரோக்கர் அண்ணாச்சி எங்களுக்குப் பல இடங்களைக் காட்டினார். கடலை ஒட்டிய மனைகளின் விலை நாகர்கோவில் நகரத்துக்குள் கேட்கிற விலையைவிடக் குறைவாக இருந்தது. கடற்கரை மனை மலிவாகக் கிடைக்கிறதென்றால் காரணம் இருக்க வேண்டும் அல்லவா? ஒரு பழைய வீட்டின் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். நடுப்பகுதி பென்சில் பருமனுக்குத் தேய்ந்திருந்தது. விரலில் செதில் செதிலாகத் துரு ஒட்டிக்கொண்டது. கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்ட மனைவி உடனே துப்பினாள். உப்பு. "ஜன்னலை மாற்றிவிடலாம் சார், தண்ணீருக்கு லாரி வரும்" என்றார் அண்ணாச்சி. ஜன்னலை மாற்றலாம், கடற்கரைச் சட்டத்தை மாற்ற முடியாதே.

கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்பதைத் தரகர்கள் 'சி.ஆர்.இசட்' என்று ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கடல் ஓரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது ஓதம் உச்சமாக ஏறும்போது தண்ணீர் தொடும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை இந்த விதிகளின் பிடியில் வருகிறது. கிராமப்புறக் கடற்கரையில் அந்தக் கோட்டிலிருந்து முதல் 200 மீட்டர் பொதுவாகப் புதுக்கட்டடம் எழுப்பக் கூடாத பகுதி. மத்திய அரசின் 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் மட்டும், கடலோர மேலாண்மைத் திட்டம் தயாரித்து ஒப்புதல் பெற்ற பிறகு, இதை 50 மீட்டராகச் சுருக்குகிறது. பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், முறைப்படி அனுமதி பெற்ற வீடாக இருந்தால் பழைய அளவுக்குள் திருப்பியும் கட்டலாம். அண்ணாச்சி காட்டிய வீட்டுக்கு வரி ரசீது இருந்தது, கட்டட அனுமதி இல்லை.

அந்த 200 மீட்டருக்கு அப்பால், 500 மீட்டர் வரையிலும், குடியிருப்பு வீடுகளுக்கான சலுகை மீனவக் குடியிருப்பு போன்ற பாரம்பரிய உரிமையும் வழக்கமும் சார்ந்த இடங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. உயரம் ஒன்பது மீட்டர், இரண்டு தளம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கான ஏற்பாடு அது. பெங்களூருவிலிருந்து கோடை விடுமுறைக்கு வருகிறவனுக்காக எழுதியதல்ல. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் பட்ட பாட்டையும், 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாததையும் அனுபவித்தவர்கள் அந்த மண்ணில் வீடு கட்டுவது பிழைப்புக்காக. நான் கட்டுவது காற்று வாங்க.

மணக்குடிக் காயல், வள்ளியாற்று முகத்துவாரம் போன்ற இடங்களில் ஓதம் ஏறி இறங்கும் கரைக்கும் தனி எல்லை உண்டு. 'கடல் இல்லை, காயல்தானே' என்ற பேச்சில் மயங்க வேண்டாம். சர்வே எண் குறித்த கடலோர மேலாண்மை வரைபடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்த ஒரே நிபந்தனையில் பட்டியலில் பாதிக்குமேல் அடிபட்டுப் போயிற்று.

ஆகவே உள்ளே நகர்ந்தோம். ஈத்தாமொழிப் பக்கம், தென்னைக்குப் பேர்போன ஊர், ஓட்டு வீட்டோடு 8 சென்ட் விளை, அதாவது தோட்ட நிலம். கடல் தெரியாது, சாயங்காலம் காற்று வரும், கிணறு நல்ல தண்ணீர். விலை 46 லட்சம். விற்பவர்கள் உடன்பிறந்தோர் நால்வர். மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் அக்கா என்றே அழைத்தேன். கடைசித் தம்பி ஷார்ஜாவில்.

மூலப் பத்திரம் மலையாளத்தில் இருந்தது. இந்த மாவட்டம் முதலில் திருவிதாங்கூரையும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்தது என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், கையில் தொட்டது அப்போதுதான். தேதி 'கொல்லம் 1119 மீனம்' என்று மலையாள ஆண்டுக் கணக்கில் இருந்தது. 1944 மார்ச், ஏப்ரல் வாக்கில். மலையாளம் படிக்கத் தெரிந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தாளை மூக்கருகே பிடித்து, எல்லைகளை ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல என் மனைவி எழுதிக்கொண்டாள். கிழக்கே ஒரு பனைமரம் எல்லை. பனை இப்போது இல்லை, அந்த இடத்தில் மின்கம்பம் நிற்கிறது. பழைய சர்வே எண்ணையும் மறு அளவையின் புதிய எண்ணையும் பொருத்திப் பார்த்து, இரண்டுக்கும் வில்லங்கச் சான்றிதழ் போட்ட பிறகுதான் வக்கீல் தலையாட்டினார்.

ஷார்ஜா தம்பியால்தான் தாமதம். அவர் துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அக்காவின் பேருக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பினார். அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். "விலை 50 லட்சத்துக்குக் கீழே, வரிப் பிடித்தம் கிடையாது" என்றார் அண்ணாச்சி. விலையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்டும் விதியும் அதற்கான 50 லட்ச வரம்பும் உள்நாட்டில் வசிக்கும் விற்பனையாளருக்கானவை. வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 195-ஆம் பிரிவு, வரம்பே இல்லை, பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குகிறவர். அவருடைய பங்கு 11.5 லட்சம். லாபத்துக்கு மட்டும் வரி என்றாலும், வருமான வரித்துறையின் குறைந்த பிடித்தச் சான்று இல்லாவிட்டால் முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டிய நிலை. அவர் சான்றுக்கு மனுச் செய்தார், நான் வரி பிடித்துக் கட்டுகிறவருக்கான டான் எண் வாங்கினேன். வளைகுடாவில் பிள்ளைகள் இல்லாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு, ஆகவே இந்தச் சிக்கல் உங்களுக்கும் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பேச்சு, பத்திரத்தில் என்ன விலை எழுதுவது என்பது. "25 லட்சம் என்று எழுதலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்" என்றார் அக்கா. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வையும் மாற்றத் தீர்வையுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2, ஆக 9. 21 லட்சத்தை மறைத்தால் எனக்கு மிச்சம் 1,89,000 ரூபாய். ஆனால் வீடு விற்ற லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் வரி விலக்குத் தரும், அதே 1961 சட்டத்தின் 54-ஆம் பிரிவில், ஃபிளாட் விற்ற லாபத்துக்கு விலக்குக் கேட்கப்போகிறவன் நான். பத்திரத்தில் இல்லாத 21 லட்சத்துக்கு விலக்கு கிடையாது. 12.5 சதவீத வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 2,73,000 ரூபாய் கட்ட வேண்டிவரும். கூடவே 21 லட்சம் ரொக்கத்துக்குச் சாட்சியம் எதுவும் இருக்காது. மேலும் நிலம், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதே 2015 ஜூன் முதல் அபராதத்துக்குரியது.

ஒரு உறையின் பின்புறம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அக்காவின் பயம் அவர்கள் தலையில் விழும் வரி பற்றியது. பரம்பரைச் சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 நிலவர மதிப்பையே அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களுடைய ஆடிட்டர் விளக்கிய பிறகு அமைதியானார். முழு விலையே எழுதினோம். பதிவுச் செலவு 4,14,000. வக்கீல், பத்திர எழுத்தர், புரோக்கர் தரகு எல்லாம் தனி. வீட்டு விலையோடு பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளாமல் பட்ஜெட் போட்டுப் பயனில்லை.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன், விரல் ரேகை, புகைப்படம் எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிட்டன. ஓடு மாற்றவும் உத்தரம் சரிபார்க்கவும் ஆசாரிக்காகக் காத்திருந்ததுதான் நீண்டது.

பாக்கி இருப்பது பட்டா. எங்களுடையது கூட்டுப் பட்டாவிலிருந்து பிரிய வேண்டிய இடம், உட்பிரிவுக்கு அளக்க வேண்டும். மின் இணைப்பும் வீட்டு வரியும் பத்திர நகலைக் கொடுத்ததும் பெயர் மாறிவிட்டன. சர்வேயர் அடுத்த செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். வடக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் அன்று வீட்டில் இருக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.