மூன்றில் ஒரு பங்கு
செங்கல்பட்டுப் பக்கம் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாங்கிய 30 சென்ட் மனைக்குக் கூட்டுப் பட்டா இருக்கிறது, கம்பி வேலி இருக்கிறது, வேலியோரம் ஒரு வேப்பங்கன்றுகூட இருக்கிறது. ஒருவர் விலகினால் என்ன விலை, யார் பேச்சு இறுதி என்பது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இப்போது ஒருவருக்கு மகள் கல்யாணம். இன்னொருவர், "இரண்டு வருடம் பொறுங்கள், விலை ஏறும்" என்கிறார். பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பா, சந்தை விலையா என்பதிலேயே மூன்று காபியும் ஆறிப்போயின.

வழக்கறிஞரிடம் போனோம். பாகப்பிரிவினை வழக்குப் போடலாமாம். பிரிக்க வசதியில்லாத சொத்தாக இருந்து, பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டால், 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றம் விற்க உத்தரவிடலாமாம். எங்களுக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. ஆக, இரண்டு பேர் ஒரு பக்கம் சேர வேண்டும்.

அன்றிலிருந்து இருவரும் தனித்தனியே எனக்குப் போன் செய்து நலம் விசாரிக்கிறார்கள்.