இரண்டு புற்றுகள்

ஐப்பசி மழை பிடித்து இரண்டு நாள் இடி இடித்தால் போதும், காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில், அதாவது மேய்ச்சல் நிலங்களில், புற்றுக்காளான் கிளம்பிவிடும். சிப்பிக்காளான் போல இதைக் குடிலில் வளர்த்து எடுக்க முடியாது. கறையான் தன் புற்றுக்குள் சருகைச் சேர்த்துப் பயிரிடுவது. வருடத்தில் சில நாள் மட்டும் கிடைக்கும் அந்தக் குழம்புக்கு எங்கள் ஊரில் கறிக்குழம்பைவிட மதிப்பு அதிகம்.

கோவையில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சில வருடங்களுக்கு முன் வயதான அம்மா ஒருவர் தூக்குப்போசி நிறையக் காளானோடு வந்தார். அவர் பறித்த இரண்டு புற்றுகளில் ஒன்று பள்ளத்தோரம் இருந்தது. முலாம் பூசும் பட்டறைக் கசடை யாரோ இரவில் லாரியில் கொண்டுவந்து கொட்டிய இடம் அது.

"வெள்ளிக்காசு போட்டுப் பார்த்தேன் அம்மிணி, கறுக்கவில்லை. ஆனாலும் பேரனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை" என்றார்.

வெள்ளிக்காசு நச்சுக்காளானையே காட்டிக்கொடுக்காது; முலாம் பட்டறைக் கசடில் வரும் காட்மியம் என்ற நச்சு உலோகத்தை எங்கே காட்டப்போகிறது? நிறத்திலோ மணத்திலோ அது தெரியாது. தனிமம் என்பதால் கொதிக்க வைத்தாலும் அழியாது. செடிகளைவிட அதிகமாகக் காட்மியத்தையும் பாதரசத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும் காளான் இனங்கள் உண்டு. பெரும்பாலும் தண்டைவிடத் தொப்பியில்தான் அதிகம் தங்கும். நாம் விரும்பித் தின்பதும் தொப்பியைத்தான்.

காளானை உலர்த்திப் பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, கருவியில் அளந்தேன். வேலை சுத்தமாகத்தான் நடந்தது. தவறு அதற்கு முன்னும் பின்னும் இருந்தது, இரண்டும் என்னுடையவை. எந்தக் காளான் எந்தப் புற்று என்று பிரித்து வாங்காமல், கலந்தே சோதித்தேன். உலர் எடைக்கான அளவை அச்சிட்டு, ஒரு வார்த்தை விளக்காமல் கையில் கொடுத்து அனுப்பினேன். அவருடைய மகன் அதைப் பச்சை உணவுக்கான வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயந்து, இனிக் காளானே வீட்டுக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். கொறங்காட்டுப் புற்றுக்கும் சேர்த்துத் தடை. தொலைபேசியில் அந்த அம்மா இதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த மழைக்கு நானே போய் இரண்டு புற்றிலும் தனித்தனியாகப் பறித்துவந்தேன். கொறங்காட்டுக் காளானில் காட்மியம் சொற்பம். பள்ளத்துக் காளானில் அளவு நன்றாக உயர்ந்திருந்தது. இந்த முறை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். பச்சைக் காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். உலர்ந்த கிலோவில் 5 மில்லிகிராம் காட்மியம் என்று வைத்துக்கொண்டால், பச்சைக் கிலோவில் அரை மில்லிகிராம்தான். கால் கிலோவில் 0.125. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் வகுத்தபடி ஒரு மாதத்துக்குத் தாங்கக்கூடிய காட்மிய அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு 1.5 மில்லிகிராம். ஒரு நாள் குழம்பு அவரை ஒன்றும் செய்துவிடாது. 15 கிலோப் பிள்ளைக்கோ 0.375தான், மூன்று கால் கிலோவில் மாதக் கணக்குத் தீர்ந்துவிடும். அரிசியிலும் கீரையிலும் வருவது இதில் சேரவில்லை. சிறுநீரகத்தில் சேர்ந்த காட்மியத்தில் பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது ஆண்டுகள் ஆகும் என்றபோது மகன் நிமிர்ந்து பார்த்தார். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் சுரங்கக் கழிவு கலந்த நீரில் விளைந்த நெல்லைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கிய கதையையும் சொன்னேன்.

கசடு கொட்டியவர்கள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்த மண்ணை அள்ளிச் சுத்தப்படுத்தவும் எவரும் வரவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இந்த ஐப்பசியில் அந்த அம்மா அழைத்தார். கொறங்காட்டில் இரண்டு போசி கிடைத்ததாம். ஆனால் இடி இடித்த மறுநாள் விடியுமுன் முதலில் பள்ளத்துப் புற்றுக்குத்தான் போனாராம். ஊர்ப்பிள்ளைகள் கண்ணில் படுவதற்குள் அங்கே முளைத்ததையெல்லாம் பிடுங்கிக் குழியில் போட்டு மூடிவிட்டுத்தான் வீடு திரும்பியிருக்கிறார்.