இன்னொரு கிடார் வாங்கலாமா?

மூன்று வாரமாக இதே யோசனைதான். கையில் இருக்கும் ட்ரெட்நாட் (பெரிய உடல் கொண்ட வகை) நல்ல கிடார், ஒரு குறையும் சொல்ல மாட்டேன், நாலு பேர் சேர்ந்து பாடும்போது அதன் கனத்த சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் ஐரிஷ் நாட்டுப்புற மெட்டுகளை விரலால் மீட்டத் தொடங்கியதிலிருந்து டாட்காட் ட்யூனிங் (கம்பிகளை D A D G A D என்று சுருதி சேர்ப்பது) என்னை விடுவதாக இல்லை. 1960களில் பிரிட்டிஷ் கிடார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய முறை அது. ஒன்று, இரண்டு, ஆறாம் கம்பிகளை இரண்டு ஃப்ரெட் அளவு, அதாவது இரண்டு அரைச்சுரம், இறக்கினால் போதும், ஆறு கம்பிகளும் ச ப ச ம ப ச என்று நிற்கும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

சிக்கல் என்னவென்றால், ஒரு பாட்டுக்கு இறக்கி அடுத்த பாட்டுக்கு ஏற்றினால் கம்பி உடனே நிலைக்காது, பாதிப் பாட்டில் சுருதி நழுவிவிடுகிறது. அதனால் ஒரு கிடாரை அந்த ட்யூனிங்கிலேயே விட்டுவைக்க ஆசை. போன ஞாயிறு கடையில் ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்) வடிவ கிடார் ஒன்றை வாசித்தேன். இடுப்பு ஒடுங்கிய சின்ன உடல், கழுத்தும் கொஞ்சம் அகலம், விரல்கள் ஒன்றையொன்று இடிக்கவில்லை. மேல்பலகை சீடர் (cedar) மரம், மெல்லத் தொட்டாலே பேசுகிறது. விலை 32,000 ரூபாய்.

சரி, முதலில் பழைய கிடாருக்குப் புதுக் கம்பி மாட்டி ஒரு மாதம் முழுக்க டாட்காடிலேயே வைத்துப் பார்க்கப் போகிறேன். அப்போதும் வழக்கமான ட்யூனிங்குக்குக் கை ஏங்கினால் வாங்கிவிடுவேன். ஓஎம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கூட்டத்தோடு பாடும்போது சத்தம் போதுமா?