34 மாநிலக் கணக்கு

ஜனவரி 14, 2017, சனி

டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியில் ஒரு பார்பெக்யூ கடையின் பின்னறையில் கூட்டம். ஓய்வு பெற்ற எண்ணெய்க் கம்பெனி ஆட்கள், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் அம்மாக்கள், ஒரு பிளம்பர். பட்டுப்புடவையில் போன ஒரே ஆள் நான்தான். பொங்கல் வைத்த கையோடு கிளம்பியதில் உடை மாற்ற நேரமில்லை. கூப்பிட்டவர் பக்கத்து வீட்டுக்காரர், எழுபதைத் தாண்டிய மனிதர்.

விஷயம் இதுதான். அமெரிக்க அரசியல் சாசனத்தைத் திருத்த ஐந்தாம் பிரிவு இரண்டு வழி சொல்கிறது. நாடாளுமன்றமான காங்கிரஸின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு முன்மொழியலாம். இதுவரை வந்த 27 திருத்தங்களும் அப்படித்தான் வந்தன. அல்லது 34 மாநிலச் சட்டமன்றங்கள் சேர்ந்து கேட்டால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியே ஆகவேண்டும். இரண்டில் எந்த வழியில் போனாலும் கடைசியில் 50 மாநிலங்களில் 38 ஏற்றால்தான் திருத்தம் நிற்கும். மாநாட்டு வழியில் இதுவரை ஒரு திருத்தமும் வந்ததில்லை.

வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்த டீ பார்ட்டி போராட்டக் காலத்து அமைப்பாளர் மார்க் மெக்லரும் வழக்கறிஞர் மைக்கேல் ஃபாரிஸும் 2013இல் தொடங்கிய இயக்கம் இது. ஃபெடரல் (மத்திய) அரசின் செலவுக்குக் கடிவாளம், ஃபெடரல் அதிகாரத்துக்கு எல்லை, எம்.பி.க்களுக்கும் அதிகாரிகளுக்கும் பதவிக்கால வரம்பு என்று மூன்று கோரிக்கை. 2014இல் ஜார்ஜியா முதலில் தீர்மானம் போட்டது. இப்போது எட்டு மாநிலம் ஆகியிருக்கிறது.

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். நாட்டின் கடன் 20 டிரில்லியன் டாலரை நெருங்குகிறது என்று திரையில் காட்டியபோதே மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மற்ற இரண்டு கோரிக்கையையும் வீட்டுக்கு வந்துதான் ஒழுங்காகப் படித்தேன்.

ஜனவரி 22, ஞாயிறு

மெரினாவை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வேலியோரம் நின்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன அது என்று பெரியவர் கேட்டார். ஜல்லிக்கட்டைச் சொன்னேன். விலங்குவதைத் தடுப்பு எங்கள் ஊரில் பொதுப்பட்டியலில் இருக்கிறது, மத்தியச் சட்டத்துக்கு மாறாக மாநிலம் சட்டம் போட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், நேற்று வந்த அவசரச் சட்டம்கூட டெல்லி சரி சொன்ன பிறகு வந்ததுதான் என்று விளக்கினேன்.

"மாட்டைப் பிடிக்க வாஷிங்டனைக் கேட்க வேண்டுமென்றால் டெக்சாஸில் ஒரு ரோடியோ நடக்காது" என்றார். உண்மையிலேயே அதிர்ந்துபோய்விட்டார்.

அப்பா "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" கோஷத்தோடு வாழ்ந்தவர். 1974இல் சட்டமன்றம் சுயாட்சித் தீர்மானம் போட்ட கதையைச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "அங்கே திமுக குடும்பம், இங்கே ரிபப்ளிகன் கூட்டமா? உனக்கு எப்படி ஒத்துப்போகுது?" என்று என் கணவர் சிரிக்கிறார். ஒத்துப்போகிறது என்றேன். ஏன் என்று கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

பிப்ரவரி 1, புதன்

கவர்னர் கிரெக் அபாட் நேற்று சட்டமன்ற உரையில் மாநாட்டுத் தீர்மானத்தை அவசர விஷயங்களில் ஒன்றாக அறிவித்தார். போன வருடம் ஜனவரியிலேயே ஒன்பது திருத்தங்களை முன்மொழிந்தவர் அவர். வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொடிமயம்.

பிப்ரவரி 18, சனி

கடைவாசலில் மனு மேஜை. ஒபாமா இருந்தவரை நின்று பேசியவர்கள் இப்போது டிரம்ப் வந்ததும் "அதான் நம்ம ஆள் வந்துட்டாரே, இனி எதுக்கு?" என்று நகர்கிறார்களாம். என்னோடு நின்ற பெண் நொந்துகொண்டாள். கலிஃபோர்னியாவில் நேர் எதிர்: ஜனவரி வரை வாஷிங்டனை நம்பியவர்கள் இப்போது மாநில உரிமையைப் பற்றி வகுப்பு எடுக்கிறார்கள். டெல்லியில் யார் ஆட்சி என்பதை வைத்துக் கூட்டாட்சிப் பற்று ஏறி இறங்குவதை ஊரில் பார்த்து வளர்ந்ததால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை. எரிச்சல் மட்டும் உண்டு.

பெரியவர் சோர்ந்தவர்களுக்குக் கிரெகரி வாட்சன் கதை சொல்வார். டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். எம்.பி.க்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அது அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான் அமலாக வேண்டும் என்று 1789இல் முன்மொழிந்து கிடப்பில் கிடந்த திருத்தம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று 1982இல் ஒரு கட்டுரை எழுதினார். கிடைத்தது 'சி' கிரேடு. மனிதர் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992இல் அதுவே 27ஆவது திருத்தமானது.

மார்ச் 1, புதன்

டெக்சாஸ் மேலவையான செனட்டில் மாநாட்டுத் தீர்மானம் நேற்று 20க்கு 11 என்று நிறைவேறியது. வரி சீசன், தலைக்கு மேல் வேலை. அவ்வளவுதான் இன்று.

மார்ச் 28, செவ்வாய்

ஒருநாள் லீவு போட்டு மாநிலத் தலைநகர் ஆஸ்டின். நெடுஞ்சாலை 71 முழுக்க ப்ளூபானட் பூத்துக் கிடந்தது. எல்லிங்கரில் கொலாச்சி வாங்கித் தின்றுகொண்டே போனோம்.

இங்கே சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 140 நாள் கூடும். உறுப்பினருக்கு மாதச் சம்பளம் 600 டாலர். யாருக்கும் நேரம் கிடையாது. நாம் பேசுவதெல்லாம் உதவியாளர்களிடம்தான். இன்று வாய்த்த பையன் கெட்டிக்காரன். மாநாட்டை எதிர்த்து வந்த இரண்டு வாதங்களை எடுத்துச் சொன்னான். ஒன்று இடதுசாரிப் பக்கத்து காமன் காஸ் அமைப்புடையது, இன்னொன்று வலதுசாரி ஜான் பிர்ச் சொசைட்டியுடையது. இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன: மாநாடு கைமீறிப் போய்விடும். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் பழைய கூட்டமைப்பு விதிகளைத் திருத்தத்தான் அனுப்பப்பட்டார்கள், எழுதி முடித்ததோ புதிய சாசனம்.

13 மாநிலம் மறுத்தால் எதுவும் நிறைவேறாது, பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்த இங்கே தனி மசோதாவும் வருகிறது என்று எங்கள் ஆட்கள் பதில் சொன்னார்கள். ஆனாலும் அந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. திரும்பும்போது காரில் அதைச் சொன்னேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

மே 5, வெள்ளி

நேற்று கீழவையும் நிறைவேற்றியது. டெக்சாஸ் 11ஆவது மாநிலம். கவர்னர் கையெழுத்துகூடத் தேவையில்லை. கேக் வெட்டினோம்.

ஆனால் அதற்கு முந்தைய நாள், புதன்கிழமை, இதே சட்டமன்றம் எஸ்.பி. 4 என்ற மசோதாவை முடித்துக் கவர்னருக்கு அனுப்பியது. குடியேற்றத் துறை கேட்கும் ஆட்களைப் பிடித்து வைக்க மறுக்கும் ஷெரிஃபுக்கு (உள்ளூர்க் காவல் தலைவர்) அபராதம், பதவி நீக்கம், சிறை வரைக்கும் உண்டு. 2014இல் டென்டன் நகர மக்கள் பாறையை உடைத்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஃப்ராக்கிங் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். அடுத்த வருடமே மாநிலம் சட்டம் போட்டு அதைச் செல்லாமல் ஆக்கியது. வாஷிங்டன் எங்களுக்கு உத்தரவு போடக்கூடாது, நாங்கள் டென்டனுக்குப் போடலாம். இது என்ன நியாயம் என்று கேக் தட்டோடு கேட்டேன்.

பெரியவர் யோசித்துத்தான் பேசினார். "நகரங்களை உண்டாக்கியது மாநிலம். மாநிலங்களை வாஷிங்டன் உண்டாக்கவில்லை." சட்டப்படி சரி. டென்டன்காரர்களிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். நான் இவர்களோடு வந்ததே, யாரைப் பாதிக்கிறதோ அவர்களுக்குப் பக்கத்திலேயே முடிவும் எடுக்கப்பட வேண்டும் என்றுதான். அந்தக் கணக்கு ஆஸ்டினில் வந்து நின்றுவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து பேசப்போகிறேன், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

செப்டம்பர் 16, சனி

ஹார்வி புயல் வந்து மூன்று வாரம். எங்கள் வீட்டில் தண்ணீர் கார் ஷெட்டோடு நின்றது. பெரியவருடைய மகள் வீடு பார்க்கர் அணைக்குப் பின்னால் தேங்கிய நீரில் பல நாள் மூழ்கிக் கிடந்தது. 1935 வெள்ளத்துக்குப் பிறகு ஹூஸ்டனைக் காக்க ஃபெடரல் அரசு கட்டிய அணை. நீர் அதிகபட்சம் எவ்வளவு தூரம் ஏறுமோ அவ்வளவு நிலத்தையும் அரசு வாங்கவில்லை. மிச்சத்தில் பிறகு வீடுகள் முளைத்தன.

அவரும் மகளும் இன்று எங்கள் வீட்டு மேஜையில் ஃபெடரல் நிவாரண விண்ணப்பத்தை நிரப்பினார்கள். பக்கத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் அழைப்பு. இழப்பீடு தராமல் சொத்தை எடுக்கக்கூடாது என்கிற ஐந்தாவது திருத்தத்தைக் காட்டி வீட்டுக்காரர்கள் ஃபெடரல் அரசு மீது வழக்குப் போட ஆரம்பித்திருக்கிறார்கள். ஃபெடரல் பணத்தையும் கேட்டு, ஃபெடரல் அரசு மீது வழக்கும் போடுவதா என்று என் கணவர் கிண்டலாகக் கேட்டார். "கட்டிய வரிதானே, திரும்பி வரட்டும்" என்றார் பெரியவர், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. அரசு சின்னதாக இருக்க வேண்டும் என்பவரும் அது செய்ததற்குப் பொறுப்பேற்கச் சொல்லலாம்.

சேதப் பட்டியலுக்கு ரசீதுகளை வரிசைப்படுத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழைய பியானோவுக்குத் தேய்மானம் கழிக்க வேண்டும் என்கிறேன் நான், கூடவே கூடாது என்கிறார் பெரியவர்.